மறு: அண்டர்சீலுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,
பழைய கார்களைப் பேணுவது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காரின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் அண்டர்சீலுக்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்குத் 'துருக்காப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?
– மொழிபெயர்ப்பாளர்

ஐயா, எனக்கு உண்டு. பயிர்க்காப்பு என்றால் பயிரைக் காப்பது. அதே வாய்பாட்டில் துருக்காப்பு துருவைக் காப்பது என்றாகிவிடும். 'துருவிலிருந்து காப்பு' என்று ஐந்தாம் வேற்றுமையாக நாம் விரிக்கலாம். வகுப்பில் இருக்கும் பையன் விரிப்பானா? 'துருத்தடை' என்று வையுங்கள். அல்லது தாரைக் குறிக்கும் பழைய சொல்லான 'கீல்' இருக்கிறது, 'அடிக்கீல்' எனலாம்.
– தமிழாசிரியை

அம்மா சொல்லும் அந்தப் பொருள்தான் பட்டறையில் நிஜமாகவே நடக்கிறது. துருவைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் தார்க் கலவையைப் பூசினால் அது துருவைத்தான் காக்கும். தார் நாளாக ஆகக் கெட்டியாகி வெடிக்கும். வெடிப்பு வழியாக நீரும், குளிர்நாடுகளில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் உள்ளே போகும், போனது காயாது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பூச்சைத் தகட்டிலிருந்து நெம்பித் தள்ளும். வெளியே பார்த்தால் கன்னங்கரேலென்று நன்றாகத்தான் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ஓட்டை விழும். அதனால் தயவுசெய்து 'சீல்' என்பதை மொழிபெயர்க்காதீர்கள். 'அடைப்பு', 'முத்திரை' எது வைத்தாலும் பூசினால் போதும் என்று படிக்கிறவன் நம்பிவிடுவான்.

அப்புறம், இது ஒரே பொருளும் இல்லை. வெளித்தகட்டில் பூசுவது ஒன்று. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிக்குள் குழாய் விட்டுப் பீய்ச்சும் மெழுகு இன்னொன்று. தனிச் சட்டகம் இல்லாத கார்களில் வண்டியின் பலமே அந்தப் பெட்டியை நம்பித்தான் இருக்கிறது. அது உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியில் எவ்வளவு பூசினாலும் பயனில்லை. மெழுகும் லனோலின் என்ற ஆட்டு ரோமக் கொழுப்பும் முழுக்க இறுகாமல் இளகலாகவே இருப்பதால் கீறினாலும் ஓரளவு தாமே பரவி மூடும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். நீர் வடியும் துளைகளைப் பூச்சு அடைத்துவிடக் கூடாது என்று கையேட்டில் இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.
– பட்டறைக்காரர்

கீல் என்றதும் கப்பல் நினைவுக்கு வருகிறது. மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைப்பதற்குக் 'கலப்பற்று' என்று பெயர். கலம் + பற்று. மகரம் கெட்டு வல்லினம் மிக்கது. வீக்கத்துக்குப் பற்றுப் போடுகிறோம், அதே பற்று! 'அடிப்பற்று' என்று வைத்தால் கப்பலும் வரும், மருந்தும் வரும். இன்னொன்று: துரு என்பதே 'துருவு' என்ற வினையிலிருந்து வந்தது என்பேன். தகட்டைத் துருவித் துளைப்பதால் துரு.
– சொல்லாய்வு அன்பர்

கலப்பற்று தூய தமிழ் இல்லை, நண்பரே. கலப்பத்து என்ற வடிவத்தைப் பாருங்கள். போர்ச்சுக்கீசியத்தில் கலஃபாத்தே என்றால் கப்பல் இடுக்கு அடைப்பவர். அதற்கும் பின்னால் அரபு இருக்கிறது. கலத்தையும் பற்றையும் ஒட்டியது நம் செவி.
– இன்னொருவர்

செவி ஒட்டியிருந்தால் என்ன? பற்று தமிழ்தானே! உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்தைச் செம்பில் படியும் பச்சைக் களிம்பு என்று சைவ சித்தாந்தம் சொல்லும். அந்தக் களிம்பு இன்று மருந்துக்கடைக்குப் போய்விடவில்லையா? சொல் எங்கே பிறந்தது என்பதைவிட எங்கே குடியேறியது என்றுதான் பார்க்க வேண்டும்.
– சொல்லாய்வு அன்பர்

இரண்டு பேரும் மன்னிக்கவும், இன்று வியாழன். 'அடிப்பூச்சு' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அது ஏற்கெனவே வண்ணத்துக்கு முன் பூசும் பிரைமருக்குப் பழகிவிட்டது. இந்த வேலையில் பிரைமர் தனியாக வருகிறது, குழம்பிவிடும். ஆகவே வெளியே பூசுவதற்கு 'அடிப்பற்று', பெட்டிக்குள் பீய்ச்சுவதற்கு 'உள்ளறை மெழுகு', பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ உள்ள மருந்துக்குத் 'துருமாற்றி'. முதல் முறை வருமிடத்தில் அண்டர்சீல் என்றும் எழுதிவிடுகிறேன்.
– மொழிபெயர்ப்பாளர்

துருமாற்றி நன்று. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்து கறுப்பாவது போலவே டானிக் அமிலம் துருவைக் கறுப்பாக்குகிறது, மாணவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் அடிப்பற்றுக்கு என் வாக்கு இல்லை. பற்று என்றால் கணக்கு வகுப்பில் வரவு-பற்றுதான். துருத்தடை இரண்டு நிமிடத்தில் புரியும்.
– தமிழாசிரியை

எனக்கு அடிப்பற்று சம்மதம். ஒட்டிக்கொள்ளும் என்கிறது, அடைத்துவிடும் என்று சொல்லவில்லை. பையன்கள் அண்டர்சீல் என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. சுரண்டிவிட்டுப் பூசினால் சரி.
– பட்டறைக்காரர்

தாமதமாக எழுதுகிறேன். ஈழ வழக்கில் துருவைக் 'கறள்' என்போம். கறள் பிடித்த தகடு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். இவ்வளவு மடல்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கையேடு எல்லாத் தமிழருக்கும் என்றால் துரு வருகிற முதல் இடத்திலாவது கறளையும் போடுங்கோ. அச்சுக்குப் போய்விட்டதென்றால் அடுத்த பதிப்புக்கு இந்த மடலை எடுத்து வையுங்கோ, நான் விடப்போவதில்லை.
– ஈழத்து வாசகர்