படத்தின் ஆசிரியர் இயக்குநர்தான் என்று எப்படி நிறுவுவது?

திரைப்பட ஆர்வலர் குழு ஒன்றில் அடுத்த மாதம் பேச வேண்டும். தலைப்பு: படத்தின் முதன்மை ஆசிரியர், அதாவது படைப்பாளி, இயக்குநரே. உதாரணத்துக்கு எடுத்தது 'சிட்டிசன் கேன்' (1941). அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நாயகன் கேனின் மனைவி சூசன் மருந்தை அளவுக்கு மீறிக் குடித்துத் தற்கொலைக்கு முயலும் காட்சி. முன்னால் பெரிதாக மருந்துப் புட்டியும் கண்ணாடிக் குவளையும், நடுவில் இருட்டில் அவள் முகம், தூரத்தில் கதவு. இது இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் முத்திரை என்று எழுதிவிட்டேன். ஆனால் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் இந்தப் பாணியை ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் 1940இலேயே ஜான் ஃபோர்டின் 'தி லாங் வாயேஜ் ஹோம்' படத்தில் செய்திருக்கிறார். வெல்ஸே தன் பெயர் வரும் அட்டையில் டோலண்டின் பெயரையும் சேர்த்துப் போட்டார். திரைக்கதைக்கான ஆஸ்கரோ வெல்ஸுக்கும் அவரோடு சேர்ந்து எழுதிய மான்கீவிச்சுக்கும் சேர்த்தே போனது.

இயக்குநரே ஆசிரியர் என்ற வாதத்தைப் பற்றி பிரெஞ்சு விமர்சகர் த்ரூஃபோவின் 1954 கட்டுரை, அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸின் 1962 கட்டுரை, அதற்கு அடுத்த வருடம் இன்னொரு அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் சாரிஸுக்குக் கொடுத்த காட்டமான பதிலடி எல்லாம் படித்தாயிற்று. ஒரு இயக்குநரை ஆசிரியர் என்று மதிப்பிட சாரிஸ் சொல்லும் தொழில்திறன், தனிப்பாணி, உள்ளார்ந்த பொருள் என்ற மூன்று வட்டங்களை இந்தக் காட்சியில் பொருத்திப் பார்த்தேன். முதல் வட்டத்திலேயே டோலண்ட் வந்து நிற்கிறார்! வெல்ஸின் பிற படங்களோடு ஒப்பிட்டதில் கொஞ்சம் பிடி கிடைத்தது, அதுவும் கதைசொல்லலில்தான். படத்தை மாற்றும் யோசனை வேண்டாம், அது தப்பித்தல்.

ஒரு குறிப்பிட்ட காட்சியில் இது இயக்குநரின் முடிவு, இது ஒளிப்பதிவாளரின் முடிவு என்று பிரித்துக் காட்ட எந்த வகை ஆதாரத்தைத் தேட வேண்டும்?