எகிப்தியச் சுவர்ச் சிற்பங்கள்: உங்களை இன்னும் விடாத காட்சி எது?

வெயிலான்:
கர்னாக் கோயில், எகிப்தை ஆண்ட அரசி ஹட்ஷெப்சுட்டின் அறைகள். வழிகாட்டி முன்னே போய்விட்டார். நான் ஒரு சுவரெதிரே நின்றுவிட்டேன். இந்தப் பக்கம் ஹோரஸ், அந்தப் பக்கம் தோத். இரு தெய்வங்களும் குடம் சாய்த்து நீர் வார்க்கிறார்கள். நீர் விழும் இடத்தில் அரசி இல்லை. தோள், இடுப்பு, எட்டு வைத்த கால் என வெளிக்கோடு பிசகாமல் உள்ளே மட்டும் உளியால் கொத்தி எடுத்திருக்கிறான். அழிக்க வந்தவனுக்கு அத்தனை பொறுமை எதற்கு? ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. அந்த வெற்றிடம்தான் கண்ணில் நிற்கிறது.

மேற்குக்கரை:
வன்மம்தான், வேறென்ன? மாற்றாந்தாய் ஹட்ஷெப்சுட் அரியணையில் அமர்ந்துகொண்டால் அரசன் மூன்றாம் துட்மோஸ் பூப்போட்டா கும்பிடுவான்? அது போகட்டும். எனக்கு மெடினத் ஹாபு கோயில். மன்னன் மூன்றாம் ராம்செஸுக்காகப் போரில் எதிரிகளிடமிருந்து வெட்டிய கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணுகிறார்களே, அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஓர் எழுத்தின் குழிக்குள் புறா உட்கார்ந்திருக்கிறது! அத்தனை ஆழம். காவலர் பார்க்காதபோது பக்கத்து எழுத்தில் விரலை விட்டேன் (தவறுதான்). முழு விரலும் உள்ளே போய்விட்டது.

பழைய உளி:
வன்மத்துக்கு ஏறத்தாழ 20 ஆண்டு பொறுப்பாரா? அவள் இறந்து அவ்வளவு காலம் கழித்து, துட்மோஸ் ஆட்சியின் பிற்பகுதியில்தான் இந்தக் கொத்தல். மகனுக்குப் பட்டம் சிக்கலின்றிச் சேரவேண்டும் என்ற கணக்கு என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. சில இடங்களில் அவள் பெயரை எடுத்துவிட்டுத் துட்மோஸின் தந்தை, பாட்டன் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். கோபக்காரன் செய்கிற வேலையா இது?

என் கதை சிறியது: அபிடோஸ் கோயிலில் மன்னன் முதலாம் சேத்தியின் முகம் ஒன்றைப் பார்த்துப் பேச்சற்று நின்றேன்.

இனிப் போகிறவர்களுக்கு: நண்பகலில் போகாதீர்கள். வெளிச்சுவர்களில் பெரும்பாலும் உருவத்தை உள்ளிறக்கி வெட்டியிருப்பார்கள். சாய்வெயில் பட்டால்தான் கோடு எழும். உள்ளறைகளில் உருவம் புடைத்து நிற்கும். டார்ச் அனுமதித்தால் நேரே அடிக்காமல் சுவரை ஒட்டிப் பிடியுங்கள். தொடாதீர்கள், மேற்குக்கரை நண்பரே. இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். குதிரை வண்டிக்கு ஏறுமுன் பேரம் பேசிவிடுங்கள், சில்லறையும் வைத்திருங்கள்.

வெயிலான்:
குதிரை வண்டியைப் பற்றி யார் கேட்டார்கள் ஐயா? ஆனால் அந்த 20 ஆண்டு உறுத்துகிறது. அப்படியானால், கொத்தியவன் இளவயதில் அவளுக்காகவே அந்தச் சுவரைச் செதுக்கியவனாகக்கூட இருக்கலாமே?