புதுப்பிப்பு: பிட்காயின் கணிப்பு ஒரு நாள் பின்தங்கிய சிக்கல்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிட்காயின் விலையைக் கணிக்கும் என் எல்எஸ்டிஎம் (வரிசையாக வரும் தரவிலிருந்து கற்கும் நரம்பியல் வலைப்பின்னல்) மாடலின் கணிப்புக் கோடு, உண்மை விலையை ஒரு நாள் தள்ளி நிழல் மாதிரி தொடர்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தேன்.

"விலைக்குப் பதில் லாக் ரிட்டர்னை (இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து எடுக்கும் லாகரிதம்) கொடுங்கள், 'நாளைய விலை இன்றைய விலையே' என்ற கணிப்போடு ஒப்பிடுங்கள்" என்ற யோசனைதான் வேலை செய்தது. நிழல் போனது. கூடவே மாடலின் திறமையும் போனது! அந்த எளிய கணிப்பை அது முந்தவே இல்லை. பழைய மதிப்புகளை வைத்துக் கணிக்கும் அரிமா என்ற புள்ளியியல் மாடலும் அப்படித்தான்.

எதிர்பாராதது: விலை எந்தப் பக்கம் போகும் என்பது பிடிபடாவிட்டாலும், எவ்வளவு ஆடும் என்பதை கார்ச்(1,1) என்ற, ஏற்ற இறக்கத்தின் அளவைக் கணிக்கும் மாடல் ஓரளவு சரியாகவே சொல்கிறது. அப்புறம், அதில் நார்மல் பரவலை (மணி வடிவப் பரவல்) விட்டு, பெரிய தாவல்களுக்கும் இடம் தரும் ஸ்டூடன்ட்-டி பரவலை வையுங்கள். 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அப்படிப்பட்ட நாட்களை நார்மல் தாங்காது.