ஓ.பி. பட்டியலையும் வீட்டுப் பட்டியலையும் எப்படிப் பொருத்துவது?

வணக்கம். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தரவு வேலையில் உதவுகிறேன்.

சர்க்கரை, பிரஷருக்கு ஓ.பி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) மாத்திரை வாங்குவோர் பட்டியல் ஒரு பக்கம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் எழுதுவது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் எந்தத் தெருவில் யார் மாத்திரையைப் பாதியில் விட்டார்கள் என்று தெரியும். சேர மாட்டேன் என்கிறது. அங்கே ‘செல்வி, 52’, இங்கே ‘ஆர். தமிழ்ச்செல்வி, 55’. போன் நம்பர் பேரனுடையது. 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசின் சுகாதார அடையாள எண்) பலரிடம் இல்லை. இருப்பவர்களும் கொண்டு வருவதில்லை!

தமிழ்ப் பெயர்களை உச்சரிப்பு வைத்துப் பொருத்த எக்செலிலோ பைத்தானிலோ யாராவது வழி செய்திருக்கிறீர்களா? ஆதார் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரேஷன் கார்டு எண்ணும் வயதும் போதுமா?

இன்னொன்று: ஒரு தெருவில் மூன்றே காசநோயாளிகள் என்றால், பெயரை மறைத்தாலும் ஊருக்கே யாரென்று தெரிந்துவிடும். எத்தனை பேருக்குக் கீழே போனால் எண்ணிக்கையை அறிக்கையில் காட்டாமல் விடுகிறீர்கள்?

புதுச்சேரி ஜிப்மரில் சமூக மருத்துவம் படித்தவர்கள் இருந்தால் டேக் பண்ணுங்கள். நீங்கள் பயன்படுத்தும் காலிப் படிவம் அனுப்பினால் போதும், நோயாளி விவரம் எதுவும் வேண்டாம்.