சிட்டி ஃபீல்டு மைதானம் வரை போய் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்காதவன் ரசிகனா?

குயின்ஸ் மாமா:
சனிக்கிழமை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் மெட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனேன். பையனுக்கு 15 வயது. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் கும்பிடு, கீழே கேன்டீனில் தோசை, அப்புறம் சிட்டி ஃபீல்டு. எங்கள் வழக்கம் இது.

அவனுக்குத் தெரியாத விவரம் இல்லை. மெட்ஸ் வீரர் ஹுவான் சோட்டோவின் ஒப்பந்தம் 15 வருஷம், 76.5 கோடி டாலர் என்று கேன்டீன் வரிசையிலேயே ஒப்பித்தான். யார் மட்டையோடு வரும்போது எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பதும் அத்துப்படி. அடித்த பந்து எத்தனை மைல் வேகத்தில் கிளம்பியது என்று திரையில் போடுவார்களே, அதைத் திரைக்கு முன்னால் இவன் சொல்லிவிடுகிறான், பெரும்பாலும் சரியாக.

ஆனால் ஆட்டத்தைப் பார்த்தானா? ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், மூன்றாவது இன்னிங்ஸில் வீரர்கள் படம் போட்ட கார்டு வாங்கக் கடைக்குப் போனவன் நான்காவது முடிந்துதான் வந்தான். அந்த இடைவெளியில்தான் ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பாளரிடமிருந்து இரண்டாவது பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு என்று, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட் ஆகும் அழகான ஒரு டபுள் பிளே. "அடடா, விட்டுட்டியே" என்றேன். "பரவாயில்ல மாமா, கிளிப் வந்துடும்" என்றான்.

கார்டு, பாட்டு, வீடியோ கேம், கிளிப். இவற்றில் ஊறிப்போனவனை பேஸ்பால் ரசிகன் என்று சொல்லலாமா? எனக்கு மனசு வரவில்லை.

வில்லட்ஸ் பாயிண்ட்:
தாராளமாகச் சொல்லலாம். 2024 ஜூன் 12 ஞாபகம் இருக்கிறதா? அன்று காலை மெட்ஸ் 28 வெற்றி, 37 தோல்வி. மெக்டொனால்ட்ஸின் ஊதா நிறப் பொம்மை கிரிமேஸ் மைதானத்துக்கு வந்து ஆட்டத்துக்கு முன் சம்பிரதாயமாக முதல் பந்தை எறிந்தது. அன்றிலிருந்து வரிசையாக ஏழு வெற்றி. என் வீட்டுப் பிள்ளைகள் ஊதாச் சட்டையைத் துவைக்கவே விடவில்லை. அதே சீசனில் மெட்ஸ் வீரர் ஹோசே இக்லேசியாஸ் தான் பாடிய பாட்டை ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே பாடினார். ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி, அடித்தவர்கள் அந்தப் பாட்டின் பெயர் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தார்கள். அணி, இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் கடைசிச் சுற்று வரை போனது. அந்த வருஷத்தை கிரிமேஸும் பாட்டும் இல்லாமல் யாராவது சொல்ல முடியுமா?

ஆமாம், சனிக்கிழமை யார் ஜெயித்தார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

ஸ்கோர்கார்டு பென்சில்:
நான் குயின்ஸ் மாமா கட்சி. பொம்மை வந்து ஜெயிக்கவில்லை தம்பி, முதல் ஆளாக இறங்கி மெட்ஸின் லிண்டோர் அடித்தார், ஜெயித்தார்கள்.

மெட்ஸின் பழைய மைதானமான ஷே ஸ்டேடியம் நாட்களிலிருந்து போகிறேன். அந்தக் காலத்தில் அலுவலக நண்பர் ஒருவர் என் கையில் ஒரு பென்சிலும் ஸ்கோர்கார்டும் கொடுத்தார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். பந்து எறியும் பிட்சர் 1, அதைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, ஷார்ட்ஸ்டாப் 6. மாமா பார்த்த டபுள் பிளேயை 6-4-3 என்று மூன்று எண்ணில் எழுதிவிடலாம். மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவதுதான் ஸ்ட்ரைக் அவுட், அதற்கு ஆங்கில எழுத்து 'கே'. மட்டையை வீசாமல் நின்றபடியே அவுட் ஆனால் அதே 'கே'யைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். இந்தக் குறியீடுகளை 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தவர் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகைக்காரர். இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட்டும் எழுதியவர் என்பதில் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம். அது இருக்கட்டும். பென்சில் கையில் இருந்தால் ஒரு பந்தைக் கூட விட முடியாது. இந்தப் பிள்ளைகள் கையில் இருப்பது போன்.

வில்லட்ஸ் பாயிண்ட்:
ஐயா, அந்தப் பொற்காலத்தின் பின்விளைவையும் சொல்லுங்கள். 2021இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 3 மணி 10 நிமிஷம் ஓடியது. பிட்சர் தொப்பியைச் சரிசெய்வார், அடிப்பவர் கையுறையைச் சரிசெய்வார், நாம் உட்கார்ந்த இடத்தைச் சரிசெய்துகொண்டிருப்போம். 2023இல் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் எறிய வேண்டும். சராசரி ஏறக்குறைய 2 மணி 40க்கு இறங்கியது. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்கிறீர்கள். லீகுக்கே பொறுமை போய்விட்டது.

ஸ்கோர்கார்டு பென்சில்:
சரி, அரை மணி நேரம் குறைத்துக் கொடுத்தாயிற்று. அப்புறமும் ஏன் மூன்றாவது இன்னிங்ஸில் கடைக்கு ஓடுகிறான்?

வில்லட்ஸ் பாயிண்ட்:
:-) இதற்கு என்னிடம் பதில் இல்லை.

எடிசன் அம்மா:
பாட்டு, பொம்மை எல்லாம் போகட்டும். கார்டைப் பற்றிப் பேசுங்கள். என் மகன் பிறந்தநாள் காசு முழுவதையும் ஒரே மாலையில் பாக்கெட்டுகளாகப் பிரித்துத் தள்ளினான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுப்பதற்கு நம் ஊரில் லாட்டரி என்று பெயர். பிரித்ததும் ஒரு விநாடி முகம் மலர்கிறது, அப்புறம் வாடுகிறது, அடுத்த பாக்கெட். இதை விளையாட்டு ரசனை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

கேட்டால் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் கதையைச் சொல்கிறான். ஸ்கீன்ஸ் முதல் ஆட்டத்தில் போட்டிருந்த சட்டையில் தைத்த துணிச் சின்னத்தை வைத்து உலகத்திலேயே ஒன்றே ஒன்று அச்சடித்த கார்டு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 11 வயதுப் பையன் ஒருவனுக்கு அது கிடைத்தது. அதற்குப் பதிலாக பைரேட்ஸ் அணி 30 வருஷ சீசன் டிக்கெட் தருகிறோம் என்றது. வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். 2025 மார்ச்சில் ஏலத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த ஒரு பையனைத்தான் எல்லாப் பிள்ளைக்கும் தெரிகிறது. வெறும் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி யார் கிளிப் போடுகிறார்கள்?

குயின்ஸ் மாமா:
அப்படிச் சொல்லுங்கள். 30 வருஷம் ஆட்டம் பார்க்கலாம் என்கிறார்கள், வேண்டாம் என்கிறார்கள். என் கேள்விக்கு இதுவே பதில்.

வில்லட்ஸ் பாயிண்ட்:
லாஸ் ஏஞ்சலஸில் இருப்பவருக்கு பிட்ஸ்பர்க்கில் சீசன் டிக்கெட் எதற்கு மாமா! விமானக் கட்டணத்தை நீங்கள் தருவீர்களா?

லாட்டரி விஷயத்தில் அம்மா சொல்வது சரி. ஆனால் கார்டு மோகம் இந்தத் தலைமுறையின் நோய் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள், அப்புறம் சூயிங் கம்மோடு. அந்தக் கால நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் 1952ஆம் வருஷத்து கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் 15 வயதுப் பையனாக இருக்க முடியாது, இல்லையா?

பாட்டும் அப்படித்தான். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் நாம் எல்லோரும் எழுந்து நின்று 'டேக் மீ அவுட் டு த பால் கேம்' பாடுகிறோமே, அது 1908இல் வந்தது. எழுதிய ஜாக் நார்வொர்த் அதுவரை ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக் கூடப் போய்ப் பார்த்ததில்லை. ஆட்டம் பார்க்காத மனிதர் எழுதியதைத்தான் பென்சில் ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாடுகிறார்.

தலைகீழ் கே:
எனக்கு 19. தமிழ் எழுத அம்மாவிடம் கற்றது, பிழை இருந்தால் மன்னிக்கவும். பென்சில் தாத்தா, என் பெயரைப் பாருங்கள். எனக்கும் ஸ்கோர் எழுதத் தெரியும். கற்றுக்கொடுத்தது ஒரு யூடியூப் வீடியோ.

என் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் பல் துலக்கும்போது அமெரிக்க மேற்குக் கடற்கரை ஆட்டங்களின் கிளிப். பஸ்ஸில், நிஜ வீரர்களை வைத்து நானே சேர்த்த ஃபேன்டஸி அணியை மாற்றுவேன். மாலையில் தம்பியோடு வீடியோ கேம். அதில் பந்து எறிந்து பழகித்தான் ஸ்லைடர், ஸ்வீப்பர் என்ற இரண்டு வகைப் பந்துக்கும் வித்தியாசம் புரிந்தது. டிவியில் எத்தனை முறை பார்த்தும் புரியாத விஷயம் அது. இரவு படிக்கும்போது காதில் ரேடியோ வர்ணனை. மெட்ஸ் பிட்சர் எட்வின் டியாஸ் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போன அன்று நானும் தம்பியும் அவர் களமிறங்கும்போது ஒலிக்கும் டிரம்பெட் இசையைக் கடைசியாக ஒரு முறை என்று பத்துத் தடவை போட்டோம்.

இதெல்லாம் ஆட்டம் இல்லையா, சரி. 2025 அக்டோபர் 27. சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸின் மூன்றாவது ஆட்டம், டாட்ஜர்ஸும் டொராண்டோ புளூ ஜேஸும். 18 இன்னிங்ஸ். 6 மணி 39 நிமிஷம். டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானி ஒன்பது முறை பேஸுக்குப் போனார். இரண்டு ஹோம் ரன், இரண்டாவது பேஸ் வரை ஓடிய இரண்டு டபுள், மீதி ஐந்தும் வாக், அதாவது அடிக்காமலே முதல் பேஸ். பயந்துபோய் அவருக்கு அடிக்கப் பந்தே தரவில்லை. டாட்ஜர்ஸின் மாற்றுப் பிட்சர்கள் எல்லோரும் தீர்ந்துபோன பிறகு வில் க்ளைன் என்று ஒருவர் வந்தார், நான் கேள்விப்பட்டதே இல்லை. நான்கு இன்னிங்ஸ், ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்தார், 6-5. நம் நியூயார்க் பக்கத்து நேரத்துக்கு அதிகாலை மூன்று மணி ஆகப்போகிறது. போர்வைக்குள் போனில் பார்த்தேன், கடைசிப் பந்து வரை. மறுநாள் காலை 9 மணிக்கு வகுப்பு. வகுப்பில் உட்கார்ந்து தேடியது வில் க்ளைன் கார்டு.

எடிசன் ஆன்ட்டி, நான் பாக்கெட் வாங்குவதில்லை. பிடித்த ஆளின் கார்டைத் தனியாக வாங்குவேன், சில நேரம் ஒரு டாலர்கூட ஆகாது. உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள்.

குயின்ஸ் அங்கிள், யார் ஜெயித்தார்கள் என்று கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

எடிசன் அம்மா:
ஒற்றைக் கார்டாக வாங்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. நன்றி கண்ணா. இன்று இரவே பேசுகிறேன். ஆனால் பாக்கெட் லாட்டரிதான், அதில் மாற்றமில்லை.

ஸ்கோர்கார்டு பென்சில்:
தலைகீழ் கே, மூன்று மணி வரையா! நான் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் தூங்கிவிட்டேன் அம்மா. என் ஸ்கோர்கார்டு அங்கேயே நிற்கிறது. உன்னுடையதைப் படம் எடுத்துப் போடு, பார்த்து நிரப்பிக்கொள்கிறேன்.

வில்லட்ஸ் பாயிண்ட்:
மாமா?

குயின்ஸ் மாமா:
இருக்கிறேன், இருக்கிறேன்.

எட்டாவது இன்னிங்ஸில் மெட்ஸ் இரண்டு ரன் பின்னால் இருந்தது. ஏழாம் நம்பர் ரயிலில் கூட்டம் ஏறுமே என்று நான்தான் கிளம்பலாம் என்றேன். பையன் வரமாட்டேன் என்று படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றான். ரயில் உட்சைடு தாண்டும்போது "மாமா, டை ஆயிடுச்சு" என்று கத்தினான், பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு காதுக்கான ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். பத்தாவது இன்னிங்ஸில் மெட்ஸ் ஜெயித்தது. அந்தக் கடைசி ஹிட்டை நான் கிளிப்பில்தான் பார்த்தேன்.