ஆர்க்டிக்: கரடிப்புலமா, எழுமீன் புலமா, வடமுனைப்புலமா?

அன்புடையீர்,

பூமியின் வடகோடியான ஆர்க்டிக் பகுதிக்குத் தமிழ்ப்பெயராகக் "கரடிப்புலம்", "எழுமீன் புலம்" என இரு பரிந்துரைகள் வந்துள்ளன. முதலாவதைப் பனிக்கரடிகளோடு சேர்த்துப் படிக்கும் இடர் இருப்பதால் முதலில் சொல்வரலாற்றைத் தெளிவுபடுத்துகிறேன். கிரேக்க மொழியில் ஆர்க்டோஸ் என்றால் கரடிதான். ஆனால் அது வடவானில் கரடியாக உருவகிக்கப்பட்ட விண்மீன் கூட்டம். அதற்கு நேர் எதிர்த்திசையில் இருப்பதால்தான் தென்முனைப் பகுதி அண்டார்க்டிக் ஆயிற்று.

அக்கரடியின் ஏழு முதன்மை விண்மீன்களே நற்றிணையில் கைதொழப்படும் எழுமீன் (சப்தரிஷி மண்டலம்). அதனால் "எழுமீன் புலம்" என்னும் இரண்டாம் பரிந்துரை என்னையும் ஈர்த்தது. எனினும் பழங்கிரேக்கருக்கு அக்கூட்டம் கடலில் மூழ்காமல் வடவானையே சுற்றிவந்தது. கிரேக்கக் காவியப் புலவர் ஓமரும் (ஹோமர்) அதைக் கடல் நீராடாத கரடி என்கிறார். நம் அகலாங்கிலோ (அட்சரேகையிலோ) எழுமீன் நாள்தோறும் தோன்றி மறைகிறது. நற்றிணைப் புலவர் கடலில் நீராடும் வெண்காக்கைகள் என்னும் பறவைகளுக்கே அதை உவமையாக்கியிருப்பது சுவையான முரண். வடக்கின் அடையாளமாக நம் வழக்கில் நிலைபெறாத ஒன்றைக் கலைச்சொல்லின் வேராக்குவது பொருந்தாது.

இப்போது பரவலாக வழங்கும் வடதுருவம் வேறொரு குழப்பம் தருகிறது. அண்மையில் நான் மெய்ப்புப் பார்த்த ஒரு பாடத்தில் "வடதுருவத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர்" என்றிருந்தது. துருவம் ஒரு புள்ளி. அங்கே இருப்பது 4,000 மீட்டருக்கும் ஆழமான கடலும் அதன்மேல் மிதக்கும் பனியுமே. மக்கள் வாழ்வது அதைச் சூழ்ந்த பெரும்பரப்பில்.

ஆகவே புள்ளியை வடமுனை என்றும், பரப்பை வடமுனைப்புலம் என்றும் பிரிக்கலாம் என்பது என் கருத்து. வெறும் வடபுலம் என்றால் வட இந்தியா நினைவுக்கு வரும். வெறும் தென்புலம் என்றால், குறள் படித்தவர்க்கு இறந்துபோன முன்னோரே முன்வந்து நிற்பர்! எனவே முனை என்னும் அடை இரண்டிலும் இன்றியமையாதது. ஏறத்தாழ 66°34′ வட அகலாங்கில் வரையப்படும் கோட்டை வடமுனை வட்டம் எனலாம். ஆர்க்டிக் பேரவை போன்ற நிறுவனப் பெயர்களில் மட்டும் ஒலிபெயர்ப்பே இருக்கட்டும்.

வடமுனைப்புலத்துக்குத் தெற்கே தைகா எனப்படும் ஊசியிலைக் காடுகள் அடர்ந்த வளையத்துக்கு (சப்-ஆர்க்டிக்) "வடமுனை அணிமைப்புலம்" என எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் நாவில் இடறுகிறது. இதைவிடச் சிறிய சொல் தோன்றினால் தாருங்கள்.