சைக்காலஜி படித்தவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைப்பாதை:
சேலம் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் சேர்ந்த வாரமே பக்கத்து வீட்டு அத்தை கையை நீட்டினார். "நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு கண்ணு." கைரேகை என்று நினைத்துவிட்டார் போல.

மறக்க முடியாதது, முதுகலையில் களப்பயிற்சிக்கு ஏற்காடு போனதுதான். மலைக்கிராமப் பள்ளி, ஒன்பது வயதுப் பையன். "படிப்பே ஏறலீங்க, கொஞ்சம் பாருங்க" என்றார் டீச்சர். அறிவுத்திறன் சோதனைப் பெட்டியைப் பிரித்தேன். (கேள்விகளை வெளியில் சொல்லக் கூடாது, மாற்றித்தான் சொல்கிறேன்.) "மழை வந்தா என்ன பண்ணுவ?" குடை பிடிப்பேன், வீட்டுக்குள் ஓடுவேன் என்றால் மதிப்பெண் உண்டு. பையன் யோசிக்கவே இல்லை. "களத்துல காயுற காப்பிய வாரணுங்க்கா."

கையேட்டில் அந்தப் பதில் இல்லை. பூஜ்யம் போட மனசு வரவில்லை, விதியை மீறவும் முடியாது. பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எங்கள் பேராசிரியரிடம் கேட்டதற்கு, "விதிப்படியே போடும்மா. ஆனா அவன் சொன்னதை ஒரு எழுத்து விடாம அறிக்கையில எழுது" என்றார். படம் போட்ட அட்டையை மூக்குக்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தானா என்றும் கேட்டார். ஆமாம், பார்த்தான்! எனக்குத்தான் உறைக்கவில்லை. முதலில் கண் பரிசோதனை, மற்றதெல்லாம் பிறகு என்றாகிவிட்டது. இப்போது பள்ளி ஆலோசகராக இருக்கிறேன். எந்தக் குழந்தை வந்தாலும் கண்ணும் காதும் பார்த்தாச்சா என்பதுதான் என் முதல் கேள்வி.

கொலுசுப்பட்டறை:
கணக்குக்குப் பயந்து சைக்காலஜி எடுத்தவன் நான். இரண்டாம் செமஸ்டரில் புள்ளியியல் வந்து வாசலை மறித்தது. அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. "படிச்சு முடிச்சதும் டாக்டர்னு போர்டு மாட்டிடலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மருந்து எழுதுகிறவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், நான் அந்த ஆள் இல்லை என்று புரியவைக்கவே ஒரு வருஷம் ஆனது. எம்.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றும் போட்டுக்கொள்ள முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் அதற்கென்றே உள்ள பயிற்சிப் படிப்பை முடித்து, அந்தக் கவுன்சிலில் பதிவும் செய்ய வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. சேரும்போது இதை யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

சரி என்று ஹெச்.ஆர். பக்கம் போனேன். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்பது என் பொறுப்பு. முதலில் எல்லாரும் சம்பளம் என்பார்கள். கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டால் சூப்பர்வைசர் பெயர் வரும்.

அஸ்தம்பட்டிக்காரி:
குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர். மனைவி இழுத்துவந்த ஒருவர், "ஊசி போடுவீங்களா?" என்றார். இல்லைங்க, பேசுவோம் என்றேன். "பேசுறதுக்குக் காசா?" என்று எழுந்தே போய்விட்டார். எப்படியோ திரும்பி வந்தார். ஆறேழு மாதம் கழித்துத் தன் தம்பியையும் கூட்டிவந்தார். வாசலில் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஊசி கீசி எல்லாம் கிடையாதுடா, பயப்படாத. ஆனா அந்தக்காகிட்ட பொய் சொன்னா சும்மா பாத்துக்கிட்டே இருக்கும், நீயே உளறிடுவ."